மிசிசிப்பியின் உருக்கு வில்வளைவுப் பாலம்: யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிற கேள்விகள்

ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத ஊரில் ஆற்றுப்பாலம் படிப்பிப்பது பெரிய சங்கடம். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படிப்பித்த காலத்தில், வில்வளைவுப் பாடம் வந்தால் நான் எடுக்கும் உதாரணம் ஒன்றுதான்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் ஈட்ஸ் பாலம். 1867இல் தொடங்கி 1874இல் திறந்தார்கள். உருக்கை நம்பிக் கட்டிய முதற் பெரிய பாலம் அது. ஓய்வு பெற்ற பிறகும் பெடியள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்டார்கள். இப்போது வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பத்துத் தரம் குரல்பதிவு போட்டுக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

பாலத்தை வளைத்துக் கட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பனங்குற்றியைப் போட்டு நடுவில் ஏறி நில்லுங்கள். குற்றி தாழும். தாழும்போது அதன் மேற்பக்கம் நெருக்குப்படும், கீழ்ப்பக்கம் இழுபடும். பாரம் மிஞ்சினால் முதலில் பிளப்பது கீழ்ப்பக்கம். நேர்விட்டம் வைத்த எந்தப் பாலத்துக்கும் இதுதான் விதி. அதே அளவு பாரம் அடிக்கு அடி பரந்து கிடக்க, இடைவெளி இரண்டு மடங்கானால் குற்றியை வளைக்கும் திருப்பம் நாலு மடங்காகும். அதனால்தான் நீண்ட இடைவெளிக்கு வெறும் விட்டம் எடுபடாது.

வில்வளைவில் அந்த இழுபாடு பெரும்பாலும் இல்லாமல் போய்விடும். மேலே வைத்த பாரம் வளைவின் வழியே இருபக்கமும் வழிந்து இறங்கும். இறங்கும் வழியெல்லாம் பொருளை நெருக்கிக்கொண்டே போகும். கல் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் உடனே விட்டுவிடும். யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் கல்லை ஏன் வளைத்து வைத்தார்கள் என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

இந்த வசதி இலவசமாக வராது. பழைய நாற்சார் வீட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். முகட்டில் சந்திக்கும் கைமரங்கள் ஓட்டின் பாரத்தால் சறுக்கிச் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குறுக்கே போகும் தீராந்தி. தீராந்தியை அறுத்தால் சுவர் பிரிந்துவிடும். வில்வளைவின் கால்களும் அப்படியே கரையை வெளியே உதைத்துக்கொண்டு நிற்கும், இரவு பகல் ஓயாமல். வகுப்பில் நான் சொல்வது: வளைவைப் பார்த்து வாயைப் பிளக்காதே தம்பி, காலைப் பார். கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்தக் காலுக்குள்தான் கிடக்கிறது.

அந்த உதை எவ்வளவு வரும்?

உயர்தரத்தில் கணிதம் படிக்கிறவர்கள் இதை ஒரு வரியில் போட்டுப் பார்க்கலாம். பாரம் சீராகப் பரந்திருந்தால், மொத்தப் பாரத்தை இடைவெளியால் பெருக்கி, ஏற்றத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது கிடை உதைப்பு. ஏற்றம் என்பது காலில் இருந்து உச்சிவரை வளைவு எழும் உயரம்.

ஈட்ஸ் பாலத்தின் நடு வளைவு 520 அடி, பக்க வளைவுகள் ஒவ்வொன்றும் 502 அடி. ஏற்றமோ இடைவெளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரியாகப் பத்தில் ஒன்று என்றே வைத்துப் பாருங்கள்: 100 தொன் பாரத்துக்கு ஒவ்வொரு காலும் கீழ்நோக்கி 50 தொன் அழுத்தும், பக்கவாட்டில் 125 தொன் உதைக்கும். கீழ்நோக்கிய பாரத்தைவிட உதை இரண்டரை மடங்கு. வளைவை இன்னும் உயர்த்தினால் உதை குறையும், ஆனால் அதன் முதுகில் ரயில் ஓட வேண்டும். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது.

மூன்று வளைவு என்றால் நடுவில் இருக்கும் இரண்டு தூண்களையும் இரு பக்கமும் உதைக்குமே?

உதைக்கும். அதுதான் அதன் கெட்டித்தனமும். இடப்பக்க வளைவு வலப்புறம் தள்ள, வலப்பக்க வளைவு இடப்புறம் தள்ள, தூணின் தலையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு வளைவில் மட்டும் ரயில் நிற்கும்போது மிஞ்சுகிற வித்தியாசத்தைத்தான் தூண் தாங்க வேண்டும். கரையில் இருக்கும் அந்தலைத் தூண்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. முழு உதையும் அவற்றின் தலையில்.

ஏன் உருக்கு? அதற்கு முன் எதில் கட்டினார்கள்?

இங்கிலாந்தில் செவேர்ண் ஆற்றின் மேல் 1779இல் எழுப்பிய இரும்புப் பாலம் வார்ப்பிரும்பு. இடைவெளி ஏறத்தாழ 100 அடி. அதன் துண்டுகளை எப்படிப் பொருத்தினார்கள் தெரியுமா? தச்சர் கதவுநிலைக்குப் போடுவது போலத் துளையும் கழுந்தும் வைத்து. புதுப் பொருள் கைக்கு வந்தாலும் கைக்குப் பழைய பழக்கம்தான் தெரியும்.

எங்கள் நாட்டிலேயே ஒரு வில்வளைவு ஆற்றுப்பாலம் இருந்தது. பேராதனையில் மகாவலியின் மேல் 1833இல், முழுக்க முதிரை மரத்தில், ஒரே வளைவாக 205 அடி. வன்னிக்காரருக்கு முதிரை என்றால் விளங்கும். ஆணி அடித்தால் ஆணி வளையும் மரம். 1905இல் அதைக் கழற்றிவிட்டார்கள். அதே ஆண்டுதான் வடக்கு ரயில்பாதையும் முழுதாகி யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு ரயில் வரத் தொடங்கியது.

வார்ப்பிரும்பு நெருக்கத்தைத் தாங்கும், அதிர்ந்தால் சட்டென்று உடையும். அடித்து உருவாக்கும் தேனிரும்பு அப்படி உடையாது, ஆனால் அவ்வளவு வலு இல்லை. 500 அடிக்கு மேல் ஒரே தாண்டலில் ரயிலைக் கொண்டுபோகத் தேனிரும்பில் கட்டினால் வளைவின் சொந்தப் பாரம் மிகவும் கூடிவிடும். உருக்கு இந்த இரண்டு குறையையும் தீர்த்தது. 1867இல் உருக்கைக் கத்திக்கும் வில்லுச் சுருளுக்கும் தண்டவாளத்துக்கும் எடுப்பார்களே தவிர, பெரிய பாலத்துக்கு எடுத்தவர் இல்லை. பொறியியலாளர்கள் பலர் கூடி, 500 அடி வளைவு ஆபத்தானது என்று தீர்மானமே போட்டார்கள்.

ஈட்ஸ் யார்?

ஜேம்ஸ் பியூக்கனன் ஈட்ஸ், 1820இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு செயின்ட் லூயிசுக்கு வந்த நீராவிக் கப்பல் தீப்பிடித்துப் போனது. கையில் ஒன்றும் இல்லாமல் கரை ஏறிய பையன் தெருவில் அப்பிள் விற்றான். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. பிறகு ஒரு கடையில் வேலை. முதலாளியின் நூலகத்தில் இரவில் படிப்பு.

இருபத்திரண்டு வயதில் பிடித்த தொழில், ஆற்றில் மூழ்கிய கப்பல்களில் இருந்து சரக்கு எடுப்பது. முதலில் ஒரு விஸ்கிப் பீப்பாயின் அடியைக் கழற்றி, கவிழ்த்து, அதற்குள் காற்று ஊதி, அதைத் தலையில் கவிழ்த்தபடி ஆற்றின் அடியில் நடந்தார். அப்படி எத்தனையோ தடவை இறங்கிய மனிதர். உள்நாட்டுப் போர் வந்தபோது 1861இல் வடக்குப் படைக்கு இரும்புக் கவசக் கப்பல்கள் கட்டிக் கொடுத்தார். பாலமோ, இதற்கு முன் ஒன்றுகூடக் கட்டியதில்லை. கணக்குகளை வாஷிங்டன் பல்கலைக்கழக வேந்தர் வில்லியம் சோவெனே சரிபார்த்தார். ஹென்றி பிளாட், சார்ள்ஸ் பைஃபர் ஆகிய இரண்டு பொறியியலாளர்கள் கூட நின்றார்கள்.

பட்டம் இல்லாதவர் பாலம் கட்டலாமா என்று எந்த ஆண்டும் ஒரு பிள்ளை கேட்கும். நீ கட்டாதே என்பதுதான் என் பதில். அந்த ஆற்றின் அடியில் அவர் நடந்த அளவு நடந்த பட்டதாரி அப்போது ஒருவரும் இருக்கவில்லை, அது வேறு கதை.

ஆற்றின் அடியில் நடந்து என்ன கண்டார்?

அடி நிலையாக இல்லை என்பதைக் கண்டார். மேலே நீர் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். மிசிசிப்பியில் வெள்ளம் பெருகும்போது கீழே மணலும் படையாகப் பெயர்ந்து ஓடுகிறது. கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. அடியில் நின்று அந்த மணல் காலைச் சுற்றிப் பாய்வதை உணர்ந்தவருக்குத் தெரியும். மணலில் தூண் வைத்தால், எவ்வளவு ஆழத்துக்கு முளை அடித்தாலும், ஒரு பெரிய வெள்ளம் அதைக் கிண்டி எடுத்துவிடும். பக்கவாட்டில் உதைக்கும் வில்வளைவுக்கு அப்படி ஒரு கால் கிடைத்தால் கதை முடிந்தது.

ஆகவே பாறைவரை போவது என்று முடிவெடுத்தார். மேற்குக் கரையில் பாறை கிட்ட இருந்தது. கிழக்கே போகப் போகச் சரிந்து, கிழக்குத் தூணின் இடத்தில் நீர்மட்டத்துக்குக் கீழ் 90 அடியைத் தாண்டியது.

தண்ணீருக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் எப்படித் தோண்டினார்கள்?

ஒரு பேணியைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். உள்ளே காற்று நிற்கும், தண்ணீர் ஏறாது. கெய்சன் என்பது அந்தப் பேணிதான், வீடு அளவில். அடி திறந்த இரும்புப் பெட்டி. அதன் கூரையின் மேல் மேசன்மார் கல்லை அடுக்கிக்கொண்டே போவார்கள். பாரம் ஏற ஏறப் பெட்டி தாழும். உள்ளே அமுக்கிய காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியே நிறுத்தி, ஆட்கள் மணலைத் தோண்டுவார்கள். தோண்டிய மணலை மேலே தூக்க ஈட்ஸ் தானே ஒரு மணற்பம்பி செய்தார். மேலே கல் கட்டுகிறவன் வெயிலில், கீழே தோண்டுகிறவன் விளக்கு வெளிச்சத்தில். இருவரும் சேர்ந்து கட்டுவது ஒரே தூண். இந்த முறையை அவர் இருமல் நோய்க்காக ஓய்வெடுக்கப் பிரான்சுக்குப் போன இடத்தில் பார்த்துவந்தார். ஓய்வெடுக்கப் போன ஆள் பார்த்த வேலை அது.

1869 இலையுதிர்காலத்தில் கிழக்குத் தூணின் கெய்சன் இறங்கத் தொடங்கியது. 1870 பெப்ரவரி முடிவில் பாறையைத் தொட்டது. அந்த ஆழத்தில் உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கம் நாங்கள் சுவாசிப்பதைப் போல் ஏறத்தாழ நாலு மடங்கு. ஊதி அணைத்த மெழுகுதிரி தானாகவே திரும்பப் பற்றிக்கொண்டதாம்.

அதில் ஆட்கள் செத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பதினைந்து பேர். இரண்டு பேர் நிரந்தரமாக முடமானார்கள், எழுபத்தேழு பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள்.

கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே வந்த பிறகுதான் மூட்டு நோவும் வயிற்று வலியும் தொடங்கும். சிலருக்குக் கால் விழுந்துவிடும். குனிந்தபடி நடந்தவர்களைப் பார்த்து, அந்தக் காலத்து நாகரிகப் பெண்கள் முன்சாய்ந்து நிற்கும் பாணியைச் சொல்லிச் சக தொழிலாளர் பகிடி பண்ணினார்கள். வளைதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அந்த நோய்க்கு இன்றும் இருக்கும் ‘பென்ட்ஸ்’ என்ற பெயர் அந்தக் காலத்துக் கெய்சன் வேலையாட்கள் வாயில் பிறந்தது. வெள்ளியும் நாகமும் மாறி மாறிக் கோத்த பட்டிகளை இடுப்பிலும் கையிலும் கட்டினால் நோய் வராது என்று நம்பினார்கள். எங்கள் ஆட்கள் கட்டும் தாயத்துத்தான், உலோகம் மட்டும் வேறு.

ஈட்சின் குடும்ப வைத்தியர் அல்போன்ஸ் ஜாமினேயை அழைத்தார்கள். அவர் ஒருநாள் கீழே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டு, நாலு நிமிடத்துக்குள் அமுக்க அறையை விட்டு வெளியே வந்தார். அன்று அவருக்கே கையும் காலும் விழுந்து, பேச்சும் போனது. பிழைத்தார். பிறகுதான் வேலை நேரத்தைக் குறைப்பதும், ஓய்வும் சாப்பாடும் கட்டாயமாவதும், மிதக்கும் ஆஸ்பத்திரி வருவதும் நடந்தன. காரணம் வெளிச்சத்துக்கு வந்தது இன்னும் சில ஆண்டு கழித்து. 1878இல் பிரெஞ்சு விஞ்ஞானி போல் பேர், அமுக்கத்தில் குருதியில் கரைந்த நைதரசன், அமுக்கம் சட்டென்று குறைந்தால் குமிழியாக வெளிவருவதை விளக்கினார். சோடாப் போத்தல் மூடியைத் திறந்தால் நடப்பதே அது.

சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால், இந்தப் பந்தியை இரண்டாம் முறையும் படியுங்கோ. மெதுவாக மேலே வாருங்கோ.

வளைவை எப்படி அமைத்தார்கள்? தட்டையான தகடா, குழாயா?

குழாய். ஒவ்வொரு வளைவிலும் நாலு விலா. ஒவ்வொரு விலாவிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு குழாய்த் தொடர்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள். குழாயின் விட்டம் 18 அங்குலம். அந்தக் காலத்தில் அந்தத் தடிப்பில் உருக்குக் குழாயை ஒரே துண்டாக இழுக்க வழியில்லை. ஆகவே ஆறு நீளத் துண்டுகளை வட்டமாக நிறுத்தி, மெல்லிய உருக்குத் தகட்டால் சுற்றிக் கட்டினார்கள். பீப்பாய் செய்கிற முறை! முதன்முதல் பீப்பாய்க்குள் நின்று ஆற்றின் அடியைப் பார்த்த ஆள் பாலத்தையும் பீப்பாயாகவே யோசித்தார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். நிரூபிக்க ஆதாரம் இல்லை, என்னுடைய கற்பனை.

குழாய்கள் சின்னத் துண்டுகளாக இணைப்புக் கழுத்துகளில் கோக்கப்பட்டவை. எந்தத் துண்டையும் பாலத்தை மூடாமலே கழற்றி மாற்ற வேண்டும் என்பது ஈட்சின் நிபந்தனை. உருக்கைப் பரிசோதிப்பதிலும் மனிதர் விடாப்பிடி. ஒவ்வொரு துண்டையும் இயந்திரத்தில் இழுத்தும் நெருக்கியும் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்பினார். பாலத்தை ஒப்பந்தம் எடுத்த கம்பனியின் பெரும்புள்ளி ஆண்ட்ரூ கார்னகி. அவருக்கு இது பெரிய தலையிடி. குரோமியம் சேர்த்த உருக்கை எடுத்தார்கள்.

நடு ஆற்றில் சாரம் கட்டாமல் எப்படி வளைவைப் பொருத்தினார்கள்?

கல் வளைவு என்றால் கீழே மரச்சாரம் கட்டி, அதன் மேல் கல்லை அடுக்கி, திறவுகல்லை வைத்த பிறகு சாரத்தைக் கழற்றுவார்கள். மிசிசிப்பியில் கப்பல் போக்குவரத்தை நிறுத்த முடியாது, சாரத்துக்கு இடமில்லை. அதோடு வெள்ளமும் பனிக்கட்டியும் வரும் ஆறு.

ஈட்சின் பொறியியலாளர் பிளாட் கண்ட வழி: தூணின் மேல் மரக்கோபுரம் எழுப்பி, அதில் இருந்து இழுவைக் கம்பிகளைக் கட்டி, வளைவை இரு பக்கமும் ஒரே நேரத்தில் காற்றில் நீட்டிக்கொண்டே போவது. தராசின் இரண்டு தட்டையும் சமமாக ஏற்றுவது போல. ஒரு பக்கம் முந்தினால் தூண் சாயும்.

1873 செப்டம்பரில் இரண்டு பாதிகளும் நடுவில் சந்திக்கும் நேரம் வந்தது. வெயில் கொளுத்தியது. உருக்கு 20 பாகை கூடுதலாகச் சூடானால் 520 அடிக்கு 38 மில்லிமீற்றர் அளவு நீளும். கடைசித் துண்டு இடைவெளிக்குள் இறங்க மறுத்தது. லண்டனில் கடன் கொடுத்தவர்கள் வைத்த தவணை செப்டம்பர் 19. ஈட்ஸ் அப்போது லண்டனில். ஆற்றங்கரையில் நின்றவர்கள் குழாய்களைச் சாக்கால் சுற்றி ஐஸை அள்ளிப் போட்டார்கள், வண்டி வண்டியாக. உருக்குச் சுருங்கியது, ஆனால் போதாது. வெயில் விட்டபாடில்லை.

நல்லகாலம், இப்படி ஒன்று வரும் என்று ஈட்ஸ் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். நடுவில் மரை போட்ட, நீட்டவும் குறுக்கவும் கூடிய துண்டொன்றைச் செய்து வைத்துவிட்டே போயிருந்தார். அதைக் குறுக்கி உள்ளே விட்டு, திருகி நீட்டி இறுக்கினார்கள். செப்டம்பர் 17இல் முதல் வளைவு மூடியது. இரண்டு நாள் மிச்சம். ஐஸ் போட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பரீட்சையில் இந்தக் கதையை எழுதுகிறவர்கள் ஐஸை மட்டும் எழுதி மரையை விட்டுவிடுகிறார்கள்.

யானையை நடக்கவிட்டுப் பார்த்தது உண்மையா?

1874 ஜூன் 14ஆம் திகதி ஒரு யானையைப் பாலத்தால் நடத்திக் கொண்டுபோனார்கள், சனம் கைதட்ட. உறுதியில்லாத இடத்தில் யானை கால் வைக்காது என்பது அங்கேயும் நம்பிக்கை. யானை இறவு என்று ஊருக்கே பெயர் வைத்த எங்களுக்கு இதில் புதுமை ஏது? பரவையின் ஆழம் குறைந்த இடம் பார்த்து யானை இறங்கிக் கடந்த துறையில் பிறகு தாம்போதி, அதாவது நீருக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட தெரு, வந்தது.

பொறியியல் சோதனை ஜூலை 2இல் நடந்தது. பதினாலு நீராவி இயந்திரங்களைப் பாலத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். ஜூலை 4 திறப்பு விழா. யானை சனத்தின் வயிற்றில் பால் வார்க்க, ரயில் இயந்திரம் கணக்கைச் சரிபார்க்க. இரண்டும் தேவைதான்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

அந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த 1872இல்தான் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது, அமெரிக்க மிசன் வளர்த்த கல்வி மரபின் தொடர்ச்சியாக. மானிப்பாயில் அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்துவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். இவர்களில் யாரும் ஈட்சைச் சந்தித்ததாக நான் சொல்லவில்லை.

பாலம் லாபம் தந்ததா?

இல்லை. ஏறத்தாழ ஒரு கோடி டொலர் விழுங்கியது. போதிய ரயில் வரவில்லை. திறந்து ஓராண்டு முடியும் முன்னமே கம்பனி வங்குரோத்து.

நீராவிக் கப்பல்காரருக்கும் இந்தப் பாலத்தின் மேல் தீராத கோபம். வளைவு என்றால் நடுவில் மட்டும்தான் உயரம். ஓரத்துக்கு வர வரக் கப்பலின் புகைபோக்கி முட்டும். 1873இல், வளைவுகள் மூடுகிற தறுவாயில், இராணுவப் பொறியியலாளர் குழு ஒன்று பாலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்ட வேண்டும் என்றது. ஈட்ஸ் ஜனாதிபதி கிராண்டிடம் போனார். போர்க்காலத்தில் ஈட்சின் கப்பல்களின் அருமை கண்டவர் கிராண்ட்; விசயம் அத்தோடு கிடப்பில் போனது. கப்பல்காரர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ரயில் வந்து அவர்களின் பிழைப்பை எடுத்தது, வளைவில் முட்டிய புகைபோக்கி ஒரு சாட்டு.

இன்றும் நிற்கிறதா?

நிற்கிறது. 1896இல் பெரும் சுழற்காற்று கிழக்குப் பக்க அணுகுபாதையைப் பிய்த்தபோதும் உருக்கு வளைவுகள் அசையவில்லை. பெரிய ரயில்கள் 1974இல் நின்றன. 1993இல் இருந்து கீழ்த்தட்டில் நகர ரயில் ஓடுகிறது. மேல்தட்டு றோட்டு 1991இல் மூடி 2003இல் திரும்பத் திறந்தார்கள். குதிரைவண்டிக்குக் கணக்குப் பார்த்த பாலத்தில் இன்று கார் ஓடுகிறது.

சிட்னியில் இருக்கும் மாமா அனுப்பிய படத்தில் இருக்கும் பாலமும் இதே இனம்தானா?

இனம் ஒன்று, உடல் வேறு. சிட்னிப் பாலம் 1932இல் திறந்தது, ஒரே வளைவு 503 மீற்றர். அது துறைமுகத்தின் மேல் நிற்பது. அங்கே தெரு வளைவின் முதுகில் போவதில்லை, வளைவில் இருந்து தொங்குகிறது. அதனால் வளைவை வேண்டிய அளவு உயர்த்த இடம் கிடைத்தது.

இன்னொரு பெரிய வித்தியாசம் காலில். ஈட்ஸ் தன் வளைவின் நுனிகளைத் தூணோடு அசையாமல் இறுக்கிவிட்டார். சிட்னியில் வளைவின் நுனிகள் பெரிய பிணைச்சல்களில் இருக்கின்றன, கதவுப் பிணைச்சல் மாதிரி. வெயிலில் உருக்கு நீளும்போது வளைவு அந்தப் பிணைச்சலில் திரும்பி உச்சி 18 சென்ரிமீற்றர்வரை எழும்பும், ஒருவருக்கும் நோவில்லை. ஈட்ஸ் பாலத்தில் அந்த நீட்சி முழுவதையும் உருக்கே தனக்குள் அடக்க வேண்டும், கணக்கும் பலமடங்கு சிக்கல். சோவெனேயை அவர் ஏன் தேடிப்போனார் என்பது இப்போது விளங்கும்.

நாலு மூலையிலும் நிற்கும் அந்தக் கற்கோபுரங்கள் வளைவைத் தாங்கவில்லை என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். அவை அழகுக்கு. அடுத்த முறை படம் எடுக்கும்போது கோபுரத்தின் அடியில், தண்ணீர்ப் பக்கமாக இருக்கும் பிணைச்சலை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஏன் இப்படி ஒரு பாலமும் இல்லை?

பண்ணை, பொன்னாலை, வாணர் தாம்போதி, வல்லை, நாவற்குழி என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் தாம்போதியும் தட்டைப் பாலமும். பணமில்லாத குறை என்று நினைக்கிறார்கள். நிலம்தான் காரணம்.

வில்வளைவு விரும்புவது இரண்டு பக்கமும் பாறைத் தோள், நடுவில் தூண் வைக்க முடியாத பள்ளமோ வேகமான நீரோட்டமோ. எங்கள் கடனீரேரி பரந்தது, ஆழமில்லாதது, கரை தாழ்ந்தது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் வலை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி இடத்தில் ஐம்பது அடிக்கு ஒரு தூண் வைப்பது சுலபம், தூண் வைத்தால் விட்டம் போதும். கல்லும் மண்ணும் கொட்டித் தாம்போதி போடுவது இன்னும் சுலபம். ஆனால் அது நீரோட்டத்தை மறித்து மீனையும் இறாலையும் பாதிக்கும், அதற்குத்தான் இடையிடையே மதகு.

பாறையும் இல்லாமல் இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஆனால் மழைநீர் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்து விழுந்த கல். நிலாவரைக் கிணறு அப்படிப் பாறை இடிந்து உண்டான பள்ளம்தான். பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான தொன் உதைக்கும் ஒரு காலை அதில் வைக்க முன், துளைபோட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் முன்பு ‘பாதை’ என்கிற மிதவைப் படகு ஓடியது. இப்போது 288 மீற்றர் நீள உருக்குப் பாலம் இருக்கிறது, 2011 ஜனவரி 16இல் திறந்தது. அதுவும் வளைவில்லை, நீருக்குள் வரிசையாகக் கால் வைத்து நேராகப் போகிறது. அந்த இடத்துக்கு அதுதான் சரி.

தீராந்தி போட்ட வளைவு கட்டினால் உதை இருக்காதே?

நல்ல கேள்வி, கேட்ட பிள்ளைக்கு முழுப் புள்ளி. ஆம், அப்படி ஓர் இனம் உண்டு. வளைவின் இரண்டு நுனியையும் தெருத்தட்டின் உருக்கே தீராந்தி போல இழுத்துப் பிடிக்கும். வெளியே உதை போகாது, தூண் கீழ்நோக்கிய பாரத்தை மட்டும் வாங்கும். பொந்துள்ள சுண்ணாம்புக் கல்லில் நிற்க அதால் முடியும்.

ஆனால் இழுபடும் அந்தத் தீராந்தி ஒன்று போனால் முழுப் பாலமும் போகும். எங்கள் காற்றோ உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், யன்னல் கம்பி எத்தனை வருசம் தாங்கும் என்று. மை (பெயின்ற்) பூசுவதற்கு என்றே ஆண்டுதோறும் ஆளும் காசும் ஒதுக்கத் தயாராக இருந்தால் கட்டலாம். திறப்பு விழாவுக்கு வருகிற சனம் மை பூசுகிற அன்றைக்கு வராது.

வழுக்கையாற்றுக்குக் குறுக்கே சின்னதாக ஒரு உருக்கு வில்வளைவு போட்டால் பார்க்க வடிவாக இருக்காதா, சேர்?

இருக்கும். மார்கழியில் அராலிப் பக்கம் தண்ணீர் பாய்கிறபோது நல்ல படம் எடுக்கலாம். பங்குனியில் பாலத்துக்குக் கீழே ஆடு படுத்திருக்கும்.